கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த கள்ளக் கப்பல்கள்

1971இல் வந்த ‘புல்வார் து ரம்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ரொபேர் என்ரிகோ இயக்கிய படம். மது கடத்தும் கப்பலின் கேப்டனாக லினோ வெஞ்சுரா, மௌனப் பட நடிகையாக பிரிஜித் பார்தோ. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? கடத்தல்காரர்கள் அவ்வளவு தைரியமாகக் கடலில் திரியும்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஏன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது? ஒரு கப்பலைச் சுட்டு மூழ்கடிக்கிற அளவுக்கு நிஜத்திலும் போனார்களா?

இருட்டறையில் ஆளை நிறுத்தி வைத்துச் சுடுகிற அந்தச் சூதாட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. அது சினிமா. மற்ற விஷயங்களில் படம் நிஜத்தைவிட அடக்கமாகவே இருக்கிறது என்பேன்.

பெயர் கற்பனை அல்ல. 1920 ஜனவரி 17 அன்று அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. மது தயாரிப்பது, விற்பது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் குற்றம். குடிப்பது மட்டும் குற்றமில்லை! இப்படி ஒரு சட்டம் போட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொஞ்ச நாளிலேயே நியூயார்க்குக்கும் நியூஜெர்சிக்கும் எதிரே கடலில் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்க ஆரம்பித்தன. பாய்மர ஸ்கூனர்கள், பழைய மீன்பிடிக் கப்பல்கள், துருப்பிடித்த நீராவிக் கப்பல்கள் என்று கலந்துகட்டி நின்றன. எல்லாவற்றின் வயிற்றிலும் சரக்கு, நம் தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள இரண்டு அர்த்தத்திலும். கரையில் இருந்தவர்கள் அந்த அணிவகுப்புக்கு ‘ரம் ரோ’, அதாவது ரம் வரிசை, என்று பெயர் வைத்தார்கள். அதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ரம் சாலை ஆக்கிக்கொண்டார்கள். ஸ்காட்ச், ரை விஸ்கி, ஷாம்பேன் எல்லாம்தான் வந்து இறங்கின. ஆனாலும் ரம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒரே ஒரு எண்: மூன்று. அன்றைக்கு ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் பொதுக் கடல். அங்கே நிற்கும் கப்பலுக்கு அதன் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம்தான். ரம் வரிசைக் கப்பல்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் கொடி கட்டியிருந்தன. பஹாமாஸின் நசாவில் சட்டப்படி சரக்கு வாங்கி, சட்டப்படி வரி கட்டி, வேறு ஏதோ ஒரு துறைமுகத்துக்குப் போவதாகக் காகிதம் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். நான்காவது மைலில் நிற்கிறவரை அவர்கள் யாருக்கும் குற்றவாளி இல்லை. காவல்படைக்காரர் பக்கத்திலேயே வந்து பெயரைக் குறித்துக்கொள்ளலாம், கையசைக்கலாம். அவ்வளவுதான்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு இலக்கணம் வகுத்தவர் பில் மெக்காய். ஃப்ளோரிடாவில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து படகு கட்டும் தொழில் செய்துவந்தார்கள். இவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. தொழில் படுத்ததும் ஒரு ஸ்கூனர் வாங்கி நசாவிலிருந்து விஸ்கி ஏற்றினார். அப்புறம் ‘அரேதூசா’ என்ற இன்னொரு ஸ்கூனரை வாங்கி, ‘டொமோக்கா’ என்று பேரை மாற்றி, பிரிட்டிஷ் கொடி ஏற்றினார். சரக்கில் தண்ணீர் கலக்கமாட்டார் என்று பெயரெடுத்தவர். ‘ரியல் மெக்காய்’ (போலியில்லாத அசல்) என்ற ஆங்கில வழக்கு இவரால்தான் வந்தது என்று இணையத்தில் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நம்பாதீர்கள். அதே மாதிரிச் சொல்வழக்கு ஸ்காட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இருந்தது. அப்போது இவர் பிறக்கவே இல்லை.

மெக்காய் செய்த உருப்படியான காரியம் ஒரு மூட்டை. கேட்டால் சிரிப்பு வரும். இருபது வருஷம் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவன் என்ற முறையில், அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வருவது அந்த மூட்டையால்தான். மரப்பெட்டியில் பன்னிரண்டு பாட்டில் வரும். பெட்டி இடத்தை அடைக்கும். ராத்திரியில் படகுக்கு மாற்றும்போது கட்டையோடு கட்டை மோதிச் சத்தம் வரும். மூலை இடித்து ஆள் கையைக் கிழிக்கும். மெக்காய் என்ன செய்தார்? ஆறு பாட்டிலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் வைக்கோல் உறை மாட்டினார். கீழே மூன்று, அதன்மேல் இரண்டு, உச்சியில் ஒன்று என்று முக்கோணமாகப் படுக்க வைத்து, சணல் சாக்கை இறுக்கிச் சுற்றித் தைத்தார். கூம்பிய ஒரு மூட்டை. மாலுமிகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘ஹாம்’, பன்றித் தொடை. தோற்றம் அப்படித்தான் இருக்கும். ஒரு மூட்டை தலைகீழாக, ஒரு மூட்டை நேராக என்று அடுக்கினால் கப்பல் வயிற்றில் இடைவெளியே இருக்காது. ஐயாயிரம் பெட்டி கொள்ளும் இடத்தில் ஆறாயிரம் பெட்டிச் சரக்கு போகும். வரிசையாக நின்று கைமாற்றி வீசலாம், சத்தம் வராது. துரத்தல் வந்தால் கடலில் தள்ளிவிடலாம். உப்பு மூட்டையைச் சேர்த்துக் கட்டித் தள்ளுகிற தந்திரமும் இருந்தது: எடையோடு கீழே போகும், உப்பு கரைந்ததும் மிதவை மேலே வந்து இடத்தைக் காட்டும். அதற்குள் காவல்படை வீட்டுக்குப் போயிருக்கும்.

படத்தைத் தயாரித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கீழே சேன்ட் பியேர், மிக்கெலோன் என்று இரண்டு தம்மாத்தூண்டு தீவுகள் உண்டு. இன்றைக்கும் அவை பிரான்ஸ்தான். மீன்பிடித் தீவான சேன்ட் பியேர் அந்த வருஷங்களில் மதுக் கிடங்காக மாறிவிட்டது. பெட்டியை உடைத்துப் பாட்டிலைச் சாக்கில் தைப்பது ஊரே செய்த வேலை. மிச்சமான மரப்பெட்டிகள் மலை மலையாகக் குவிந்தன. அடுப்பெரித்தார்கள், அப்புறம் வீடு கட்டினார்கள். கட்டி சார்க் விஸ்கிப் பெட்டிகளால் கட்டிய ஒரு வீட்டுக்கு ‘வில்லா கட்டி சார்க்’ என்றே பெயர்.

ரம் வரிசைக் கப்பல்களில் துப்பாக்கி இருந்ததா என்றால், இருந்தது. மெக்காய் தன் கப்பலின் மேல்தளத்தில் இயந்திரத் துப்பாக்கியே வைத்திருந்தார். ஆனால் படங்களில் காட்டுகிற மாதிரி காவல்படையைச் சுடுவதற்காக அல்ல. சரக்கு விற்ற பணம் கப்பலிலேயே கட்டுக்கட்டாகக் கிடக்கும். வாங்க வருகிற மாதிரி படகில் வந்து, மேலே ஏறியதும் ஆளை அடித்துப்போட்டுப் பணத்தையும் சரக்கையும் அள்ளிக்கொண்டு போகிற கும்பல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கொள்ளை போனால் யாரிடம் புகார் கொடுப்பது? பொதுக் கடலில் காவல் நிலையம் ஏது. அதனால் ஒரு நேரத்தில் ஓரிரண்டு பேரைத்தான் மேலே ஏறவிடுவார்கள். பின்னாளில் பணம் கடலுக்கே வராமல் கரையிலேயே கைமாறியது. ஒரு டாலர் நோட்டைக் கிழித்துப் பாதி கப்பலிடம், பாதி படகுக்காரரிடம். இரண்டும் பொருந்தினால் மூட்டை இறங்கும்.

காவல்படையின் பக்கம் பார்ப்போம். அது 1915இல்தான் அந்தப் பெயரில் உருவானது. சுங்க வரி ஏய்ப்பைத் தடுக்க 1790 முதல் இருந்துவந்த ஒரு படகுப் படையையும், கப்பல் உடைந்தால் ஆட்களைக் காப்பாற்றும் ஒரு மீட்புத் துறையையும் ஒன்றாக இணைத்தார்கள். சம்பளம் தந்தது நிதித்துறை. உயிரைக் காப்பாற்றுவதுதான் அதில் பலபேர் கற்ற தொழில். புயல் வந்தால் ரம் வரிசைக் கப்பலில் இருப்பவர்களையும் இவர்கள்தான் போய்க் காப்பாற்ற வேண்டும், காப்பாற்றவும் செய்தார்கள். நேற்று இடுப்பில் கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்த்தவனை இன்றைக்குத் துரத்த வேண்டும். இந்தச் சிக்கலை ஒரு படமும் ஒழுங்காகத் தொட்டதில்லை. எனக்குக் குறை அதுதான்.

1924இல் நிலைமை மாறியது. மாற்றியது பீரங்கி இல்லை, ஒரு ஒப்பந்தம். அமெரிக்காவும் பிரிட்டனும் பேசி, மூன்று மைல் என்பதற்குப் பதிலாக ‘ஒரு மணி நேர ஓட்டத் தூரம்’ என்று வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனுக்கு என்ன லாபம் என்றால், அதன் பயணிக் கப்பல்கள் மது அலமாரியை முத்திரையிட்டு மூடிவிட்டு நியூயார்க் துறைமுகத்துக்குள் வந்துபோகலாம். பொதுவாக இதைப் பன்னிரண்டு மைல் எல்லை என்று எழுதுவார்கள். உண்மையில் அது நிலையான எல்லையே இல்லை. சந்தேகத்துக்குரிய கப்பல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடுமோ அதுதான் அதன் எல்லை. பத்து நாட், அதாவது மணிக்குப் பத்து கடல் மைல், வேகத்தில் ஊர்கிற கப்பலுக்குப் பத்து மைல். அதன் சரக்கை முப்பது நாட் படகு வந்து வாங்கினால் முப்பது மைல். கடலில் கோடு போடுவதே கஷ்டம். கப்பலுக்குக் கப்பல் நீண்டு சுருங்குகிற கோடு என்றால் சொல்லவே வேண்டாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும்.

அதே வருஷம் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை அள்ளிக் கொடுத்தது. கடற்படை மூலையில் போட்டுவைத்திருந்த இருபது நாசகாரிக் கப்பல்கள் முதலில் காவல்படைக்கு வந்தன, பிறகு இன்னும் சில. வந்த லட்சணத்தைக் கேட்காதீர்கள். துருவைச் சுரண்டி, பாய்லரை ஒக்கிட்டு, ஓட வைப்பதற்கே மாதக்கணக்கில் ஆனது. கூடவே 75 அடி நீள ரோந்துப் படகுகள் 203 புதிதாகக் கட்டினார்கள்.

நாசகாரி என்ற பெயரைக் கேட்டதும் ஓட்டப்பந்தயம் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் வேலை காவல் காப்பது. ஒரு ஸ்கூனர் நங்கூரமிட்டு நிற்கும். நாசகாரி அதைச் சுற்றிச் சுற்றி வரும், நாள்கணக்காக. சரக்கு வாங்க எந்தப் படகும் அண்டக்கூடாது, தண்ணீரும் சாப்பாடும் தீர்ந்து அதுவே ஊருக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். ஆனால் வேகத்துக்காகவே செய்த எஞ்சின் ஆமை வேகத்தில் ஓடாது. நீளமான உடம்பு சட்டென்று திரும்பாது. ராத்திரி ஸ்கூனர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, நாசகாரி வட்டத்தின் அந்தக் கோடிக்குப் போகிற நேரம் பார்த்து நங்கூரத்தைத் தூக்கி, ஓசைப்படாமல் நழுவும். இவர்கள் வந்து தேடுவதற்குள் இருட்டில் கலந்துவிடும். மழையோ பனிமூட்டமோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கரைக்கும் கப்பலுக்கும் இடையில் ஓடிய படகுகளின் கதை வேறு. முதல் உலகப் போர் முடிந்ததும் ‘லிபர்ட்டி’ விமான எஞ்சின்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. அதில் இரண்டு மூன்றைத் தாழ்வான நீளப் படகில் பொருத்தினால் முப்பது நாட் வேகத்துக்கு மேல் பறக்கும். 75 அடி ரோந்துப் படகு அதில் பாதி வேகம்தான் போகும். சூடான புகைபோக்கியில் எண்ணெய் ஊற்றினால் பின்னால் வருகிறவனுக்குக் கண்ணே தெரியாத அளவு கரும்புகை. நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஃப்ரீபோர்ட்டில் ஒரே பட்டறை காவல்படைக்கும் படகு கட்டியது, கடத்தல்காரர்களுக்கும் கட்டியது. யார் படகு வேகமாக ஓடும் என்று பட்டறைக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்!

எல்லை தள்ளிப்போனதில் நசுங்கியது சின்ன ஆட்கள்தான். மூன்று மைல் என்றால் மீனவன் தன் படகில் போய்ப் பத்து மூட்டை வாங்கி வரலாம். பன்னிரண்டு, இருபது மைல் என்றால் விமான எஞ்சின் வேண்டும், வானொலி வேண்டும், முதலீடு வேண்டும். தொழில் கும்பல்களின் கைக்குப் போனது. மெக்காய் அதற்குள் ஆட்டத்திலிருந்து வெளியேறிவிட்டார். 1923 நவம்பரில், புது ஒப்பந்தம் வருவதற்கு முன்பே, ‘செனேகா’ என்ற காவல் கப்பல் அவரை மூன்று மைலுக்கு வெளியே மடக்கியது. சோதனைக்கு ஏறியவர்களையும் சேர்த்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தார். ‘செனேகா’வின் குண்டு பக்கத்தில் விழுந்ததும் நின்றுவிட்டார். நியூஜெர்சியில் சில மாதச் சிறை. அத்தோடு சரி, திரும்ப இந்தப் பக்கம் வரவில்லை.

ரத்தம் சிந்தவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1927 ஆகஸ்டில், பஹாமாஸின் பிமினி தீவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு விஸ்கி கொண்டுவந்த ஹோரஸ் ஆல்டர்மன் பிடிபட்டபோது காவல்படையினர் இருவரையும் ஒரு ரகசியக் காவல் அதிகாரியையும் கொன்றான். இரண்டு வருஷம் கழித்து ஃபோர்ட் லாடர்டேலில், காவல்படையின் தளத்திலேயே தூக்கிலிட்டார்கள். 1929 டிசம்பரில் ரோட் ஐலண்டு பக்கம் ‘பிளாக் டக்’ என்ற கடத்தல் படகின்மேல் காவல்படை சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். அதற்காக பாஸ்டனில் ஜனங்கள் திரண்டு காவல்படையைத்தான் திட்டித் தீர்த்தார்கள்.

ஆனால் கடத்தல்காரர்களுக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது துப்பாக்கியும் இல்லை, நாசகாரியும் இல்லை. மேசையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. எலிசபெத் ஃப்ரீட்மன். கும்பல்கள் கரையில் ரகசிய வானொலி நிலையம் வைத்துக் கப்பல்களுக்குச் சங்கேத மொழியில் உத்தரவு அனுப்பின: எங்கே நிற்பது, எந்தப் படகுக்கு எத்தனை மூட்டை. இவர் காவல்படைக்காக அவற்றை உடைத்துப் படித்தார். முதல் மூன்று வருஷத்தில் ஏறத்தாழ 12,000 செய்திகள், உதவிக்கு ஒரே ஒரு எழுத்தர். 1933இல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில், இது எப்படிச் சாத்தியம் என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் குடைந்தபோது, கரும்பலகை ஒன்று கேட்டு வாங்கி, பாடம் நடத்துகிற மாதிரி எழுதிக் காட்டினார். இவரை வைத்து யாராவது படம் எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் போவேன்.

இந்தக் கதையின் வால் நம் நாடு வரை நீள்கிறது. இன்றைக்குப் பன்னிரண்டு மைல் கடல் எல்லை, அதற்கும் அப்பால் 24 மைல் வரை சுங்கச் சோதனை உரிமை என்று உலகம் ஒத்துக்கொண்டிருக்கிறதே, அந்த இரண்டாவது வளையத்தின் முன்னோடிகளில் இந்த மது ஒப்பந்தங்களும் உண்டு. இந்தியக் கடலோரக் காவல்படை 1977 பிப்ரவரி 1 அன்று தொடங்கப்பட்டதற்கும் கடல்வழிக் கள்ளக்கடத்தல்தான் பெரிய காரணம். அங்கே விஸ்கி, இங்கே தங்கமும் வாட்சும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. ஆம், மூழ்கடித்தார்கள். கப்பலின் பெயர் ‘ஐம் அலோன்’. ‘நான் தனி’ என்று பெயர் வைத்த கப்பலுக்கு அப்படி ஒரு முடிவு. கனடாவின் லூனன்பர்க்கில் கட்டிய ஸ்கூனர், கனடாவில் பதிவு செய்தது. கேப்டன் ஜான் ராண்டெல், முதல் உலகப் போரில் பதக்கம் வாங்கிய மாலுமி. 1929 மார்ச் 20 அன்று, பெலீஸிலிருந்து ஏற்றிய மதுவோடு லூசியானா கரைக்கு எதிரே நின்றிருந்தபோது ‘வால்காட்’ என்ற காவல் கப்பல் பார்த்துவிட்டது. நில் என்றது, ராண்டெல் நிற்கவில்லை. தெற்கே மெக்சிகோ வளைகுடாவின் நடுவுக்கு ஓட ஆரம்பித்தார். ‘வால்காட்’ சுட்டது, துப்பாக்கி இடையில் மக்கர் பண்ணியது. துரத்தல் நிற்கவில்லை. இரண்டு நாள் ஓட்டம். 22ஆம் தேதி காலை ‘டெக்ஸ்டர்’ என்ற இன்னொரு காவல் கப்பல் வேறு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. கரையிலிருந்து இருநூறு மைலுக்கும் அப்பால், கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ராண்டெல் அப்போதும் பணியவில்லை. ‘டெக்ஸ்டர்’ சுட்டு ஓட்டையாக்கி மூழ்கடித்தது. ஆட்கள் தண்ணீரில் குதித்தார்கள். சுட்டவர்களே எடுத்துக் காப்பாற்றினார்கள். ஒருவரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. கப்பலின் சாரங்கு, சேன்ட் பியேர் தீவுக்காரர்.

கனடா கொதித்தது, பிரான்ஸும் பிரிட்டனும் கேள்வி கேட்டன. அமெரிக்காவும் கனடாவும் ஆளுக்கொரு நீதிபதியைப் போட்டு விசாரித்தார்கள். வாதம் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? முதன்முதலில் பார்த்தபோது கப்பல் எங்கே நின்றது என்பதைப் பற்றி. 10.8 மைல் என்றது காவல்படை. பதினான்கு பதினைந்து மைல் என்றார் ராண்டெல். அந்தக் கப்பல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடும், துரத்தலைத் தொடங்காத ‘டெக்ஸ்டர்’ நடுவில் வந்து சுடலாமா என்று வருஷக்கணக்கில் இழுத்தது. அதற்குள் எலிசபெத் ஃப்ரீட்மன் பெலீஸுக்கும் நியூயார்க்குக்கும் போய்வந்த தந்திகளை உடைத்துப் படித்து, கனடாக் கொடி வெறும் முகமூடி, நிஜ முதலாளிகள் அமெரிக்கர்கள் என்று நிரூபித்துவிட்டார்.

தீர்ப்பு வந்தது 1935 ஜனவரியில். அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே, 1933 டிசம்பர் 5 அன்று, மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். மூழ்கடித்தது தவறு, அமெரிக்கா கனடாவிடம் மன்னிப்புக் கேட்டு 25,000 டாலர் தர வேண்டும். முதலாளிகள் அமெரிக்கர்கள் என்பதால் கப்பலுக்கோ சரக்குக்கோ ஒரு காசு கிடையாது. கப்பலில் இருந்தவர்களுக்குத் தனியாக இழப்பீடு. ராண்டெலுக்கு 7,906 டாலர். பெரிய பங்கு சாரங்கின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போனது: 10,185 டாலர்.